‘யூனிஃபார்ம்’ எங்கே இடறுகிறது? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

பள்ளிக்கு விடுப்புக் கடிதம், துறைமுகத்தை ஒட்டிய சரக்கு நிறுவனத்துக்கு வேலை விண்ணப்பம், மணலியில் இருக்கும் தொழிற்சாலைக்குப் பட்டறை அனுப்பும் விலைப்புள்ளி. வட சென்னையின் தண்டையார்பேட்டையில் இத்தகைய ஆங்கிலத் தாள்களைத் திருத்தித் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. வருகிற தாள்களில் இலக்கணப் பிழையை விட அதிகமாக இடறுவது ஒரு சின்னச் சொற்கூட்டம். தமிழில் ‘ஒரே மாதிரி’ என்று சொல்லிவிட்டுப் போகும் இடத்தில் ஆங்கிலம் யூனிஃபார்ம், சேம், ஐடென்டிகல், ஈவன், கன்சிஸ்டென்ட், ஸ்டெடி என்று அரை டஜன் சொற்களை வைத்திருக்கிறது. அகராதி அவற்றையெல்லாம் ஒரே வரியில் அடுக்கிவிடுகிறது. அந்த வரியை நம்பி ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் வாக்கியம் நொண்டும்.

உங்கள் தாளில் எது நடக்கிறதோ அந்த அறிகுறியைக் கீழே பாருங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி: எது எதோடு ஒத்திருக்கிறது? பல பொருள்கள் ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா? ஒரே பரப்பு இடத்துக்கு இடம் மாறாமல் இருக்கிறதா? ஒரே ஆளோ வேலையோ நாளுக்கு நாள் மாறாமல் இருக்கிறதா? ஒரு கலவை உள்ளுக்குள் பிரியாமல் இருக்கிறதா? இதற்குப் பதில் தெரிந்தாலே பாதிப் பிழை தானாக விலகிவிடும்.

அறிகுறி: ‘ஆன் யூனிஃபார்ம்’ என்று எழுதினால் கணினி அடிக்கோடு போடுகிறது

‘உயிரெழுத்துக்கு முன்னால் ஆன்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததன் விளைவு இது. அந்த விதி எழுத்துக்கு அல்ல, ஒலிக்கு. ஆங்கிலம் கற்ற தமிழருக்கு இதில் ஒரு வசதி உண்டு. சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். யூனிஃபார்ம், யூனிவர்சிட்டி, யூஸ்டு கார் என்று ‘யூ’வில் தொடங்கினால் அது உயிர்மெய், ஆகவே ‘எ யூனிஃபார்ம்’. அம்ப்ரெல்லா, அங்கிள், எம்.எல்.ஏ. என்று உயிரில் தொடங்கினால் ‘ஆன்’. எம் என்ற எழுத்து ஆங்கிலத்தில் மெய்தான், ஆனாலும் ‘ஆன் எம்.எல்.ஏ.’தான் சரி, ஏனென்றால் வாய் திறப்பது ‘எ’ என்ற ஒலியில்.

இந்தச் சோதனை தோற்கும் இடங்கள் இரண்டு. ‘ஒன்’ என்பதை நாம் ஒகரத்தில் எழுதினாலும் ஆங்கில ஒலி வகரத்தில் தொடங்குகிறது; ‘எ ஒன்-வே ரோடு’ என்றே வரும். ‘ஹவர்’, ‘ஹானஸ்ட்’ என்று நாம் ஹகரம் போட்டு உச்சரித்தாலும் ஆங்கிலத்தில் அந்த எழுத்து ஊமை. அங்கே ‘ஆன்’ வேண்டும். மற்ற இடங்களில் பெரும்பாலும் தமிழ் எழுத்து உங்களைக் காப்பாற்றிவிடும்.

அறிகுறி: ஆட்களைப் பற்றி எழுதினீர்கள், படித்தவர் சிரிக்கிறார்

‘ஆல் அவர் செக்யூரிட்டி ஸ்டாஃப் ஆர் யூனிஃபார்ம்.’ காவலர்கள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்று இதற்குப் பொருள். சொல்ல வந்தது சீருடையைத்தான் என்றால் ‘இன் யூனிஃபார்ம்’ என்று எழுதுங்கள். ‘வித் யூனிஃபார்ம்’ என்பதும் வேண்டாம். உடையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வந்தது போல ஒலிக்கும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக வைக்க வேண்டுமென்றால் ‘யூனிஃபார்ம்டு ஸ்டாஃப்’.

நம் பக்கத்தில் இந்தச் சொல் துணியோடு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. பெரம்பூர் பின்னி ஆலையில் நெய்த காக்கித் துணி எத்தனையோ சீருடைகளாயிற்று. பள்ளி திறக்கும் மாதத்தில் எம்.சி. ரோட்டுக் கடைகளில் கேட்கும் முதல் ஆங்கிலச் சொல்லும் இதுவே. ஆனால் ஆங்கிலத்தில் பெயரடைதான் மூத்தது. லத்தீனில் ஒன்று, வடிவம் என்ற இரு சொற்கள் சேர்ந்து பிறந்த இது 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. உடை என்ற பொருள் ஒட்டியது 18ஆம் நூற்றாண்டில். எனவே சீருடை அல்லாத இடத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால் எழுதியவர் தவறிவிட்டார் என்று முடிவு கட்ட வேண்டாம்.

துறைமுகத்தில் வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு ஓர் இடைச்செருகல். வயர்லெஸ்ஸில் யாராவது ‘யூனிஃபார்ம்’ என்றால் அது சட்டை பற்றிய பேச்சு அல்ல. 1956 முதல் வழக்கில் இருக்கும் பன்னாட்டு எழுத்துச் சொற்களில் ஆங்கில ‘யூ’ எழுத்துக்கு உரிய பெயர் அது. கப்பலில் அதே எழுத்துக்கான கொடி சிவப்பும் வெள்ளையுமாக நான்கு கட்டம் கொண்டது. அதைத் தனியாக ஏற்றினால் ‘நீங்கள் ஆபத்தை நோக்கிப் போகிறீர்கள்’ என்று பொருள்.

அறிகுறி: எதற்கெடுத்தாலும் ‘சேம்’

‘சேம் டு சேம்’ பேச்சில் பழகிவிட்டது. எழுத்தில் வேண்டாம், நம் ஊருக்கு வெளியே படிப்பவர் புருவத்தை உயர்த்துவார். ‘சேம் லைக்’ என்பதும் நிற்காது. ‘சேம்’ தனக்கு முன்னால் ‘தி’யையும் பின்னால் ‘அஸ்’ஸையும் கேட்கும்: ‘தி சேம் அஸ் லாஸ்ட் இயர்’.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. ‘ஷீ வோர் தி சேம் சாரி’ என்று எழுதினால் நேற்று கட்டிய சேலையையே இன்றும் கட்டினாள் என்றும் கொள்ளலாம், அக்காள் கட்டியதைப் போன்ற வேறொரு சேலையைக் கட்டினாள் என்றும் கொள்ளலாம். தமிழில் இந்தக் குழப்பமே இல்லை: முதலாவது ‘அதே சேலை’, இரண்டாவது ‘அதே மாதிரி சேலை’. ஆங்கிலத்தில் எழுதும்போது உங்கள் மனத்தில் ‘மாதிரி’ என்ற சொல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் ‘சேம்’ என்பதை விட்டுவிட்டு, அச்சு அசலாக ஒத்திருந்தால் ‘ஐடென்டிகல்’, சாயல் மட்டும் இருந்தால் ‘சிமிலர்’ என்று போடுங்கள். புகார்க் கடிதத்தில் இது விளையாட்டு அல்ல. ‘எனக்கு வந்தது அதே பழுதான இயந்திரம்’ என்பதும் ‘அதே மாதிரி இயந்திரம், அதிலும் பழுது’ என்பதும் இரு வேறு வழக்குகள்.

இந்தக் கூட்டத்துக்குப் பின்னால் வரும் முன்னிடைச் சொற்களையும் இங்கேயே முடித்துவிடலாம். ஐடென்டிகல், சிமிலர், ஈக்வல் மூன்றுக்கும் ‘டு’ போட்டால் போதும். யூனிஃபார்ம் ‘இன்’ கேட்கும்: ‘யூனிஃபார்ம் இன் சைஸ்’. கன்சிஸ்டென்ட் மட்டும் இரண்டு முகம் காட்டும். அதற்குக் கீழே தனி அறிகுறி இருக்கிறது.

அறிகுறி: வாக்கியம் சரி, ஆனால் அரசாணை போல விறைத்து நிற்கிறது

‘ப்ளீஸ் என்ஷூர் யூனிஃபார்ம் அப்ளிகேஷன் ஆஃப் பெயின்ட்.’ பிழை இல்லை. ஆனால் வீட்டுக்கு வண்ணம் அடிப்பவரிடம் யாரும் இப்படிப் பேசுவதில்லை. பரப்பைப் பற்றிய பேச்சில் ஆங்கிலேயர் வீட்டில் புழங்குவது ‘ஈவன்’. நம் ஊர்த் தாள்களில் மிகக் குறைவாகவே தலைகாட்டும் நல்ல சொல் இது. ‘ஈவன் கோட்’, ‘ஸ்ப்ரெட் இட் ஈவன்லி’, ‘ஆன் ஈவன் ஃப்ளோர்’.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காசிமேட்டில் கண்ணால் பார்க்கலாம். கரையேற்றிய ஃபைபர் படகு ஒன்றுக்கு நீல வண்ணம் அடிக்கிறார்கள். பிரஷ்ஷைப் புதிதாகத் தோய்த்துத் தொடங்கிய இடத்தில் வண்ணம் தடித்து வழிகிறது. ஒரு முழம் தள்ளிப் போனதும் மெலிந்து, அடியில் இருக்கும் பழைய பச்சை எட்டிப் பார்க்கிறது. நேராக நின்றால் தெரியாது. பக்கவாட்டில் குனிந்து, வெயில் சாய்ந்து விழும் கோணத்தில் பார்த்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். இது ‘அன்ஈவன்’. அதே கரையில் பக்கத்துப் படகுகளும் அதே நீலத்தில் இருந்தால், படகுக்குப் படகு நிறம் மாறவில்லை என்ற பொருளில் அவை ‘யூனிஃபார்ம் இன் கலர்’. ஒரு படகின் பக்கவாட்டு முழுவதும் வண்ணம் நிரவலாக இருந்தால்தான் ‘ஈவன்’. நிறத்தில் யூனிஃபார்மாக இருந்துகொண்டே ஒவ்வொரு படகும் அன்ஈவனாக இருக்கலாம். ஒப்பந்தக்காரரோடு வாக்குவாதம் வருவதே இந்த இடத்தில்தான்: அவர் நிற அட்டையைக் காட்டுகிறார், நீங்கள் திட்டைக் காட்டுகிறீர்கள். இருவர் சொல்வதும் உண்மை.

ஓர் எச்சரிக்கை. ‘தி’க்கும் முன்னால் வந்து வாக்கியத்தைத் தொடங்கும் ‘ஈவன்’ வேறு ஆள். ‘ஈவன் தி ஃப்ளோர் வாஸ் வெட்’ என்றால் ‘தரைகூட நனைந்திருந்தது’. சமதளத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

அறிகுறி: ஆளைப் பாராட்டினீர்கள், பாராட்டாகத் தெரியவில்லை

‘ஹி இஸ் எ யூனிஃபார்ம் பிளேயர்’ என்று ஒரு பரிந்துரைக் கடிதம். வியாசர்பாடியில் பந்து உதைக்கும் பையனைப் பற்றியது. எழுதியவர் சொல்ல வந்தது அவன் எந்த ஆட்டத்திலும் சோடை போவதில்லை என்பது. இது காலத்தின் ஊடே நீளும் ஒற்றுமை, சொல் ‘கன்சிஸ்டென்ட்’. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் நம் வட சென்னையின் காசிமா ஒற்றையர், இரட்டையர், குழு என்று 3 தங்கம் வென்றார். ஒரு பிரிவில் வென்று மற்றதில் சறுக்கியிருந்தால் ‘பிரில்லியன்ட்’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டிருக்கலாம். மூன்றிலும் தரம் இறங்காததால்தான் ‘கன்சிஸ்டென்ட்’. இதன் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசி உயிரெழுத்து ‘இ’ (e), ‘ஏ’ (a) அல்ல. விண்ணப்பங்களில் பத்துக்கு நான்கில் இது மாறியிருக்கிறது என்று துணிந்து சொல்வேன்.

காலம் சார்ந்த மற்ற மூவரையும் இங்கே பிரித்துவிட வேண்டும். தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் தவறாமல் வந்தால் ‘ரெகுலர்’; வரும்போதெல்லாம் அதே அளவு ஊற்றினால் ‘கன்சிஸ்டென்ட்’. முன்னது இடைவெளியைப் பார்க்கிறது, பின்னது தரத்தையோ அளவையோ பார்க்கிறது. குழாயில் தண்ணீர் ஏறாமல் இறங்காமல் ஒரே விசையில் விழுந்தால் ‘ஸ்டெடி’. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் எழுப்பும் இரைச்சல் ‘கான்ஸ்டன்ட்’. இந்தக் கடைசிச் சொல்லை ஆளுக்குப் பயன்படுத்தும்போது கவனம் வேண்டும்: ‘ஹர் கான்ஸ்டன்ட் கொஸ்டின்ஸ்’ என்றால் அவளுடைய ஓயாத கேள்விகள். பாராட்டு என்று நினைத்து எழுதினால் வம்பில் முடியும். விண்ணப்பத்தில் ‘ஐ ஆம் ரெகுலர் டு ஒர்க்’ என்பதற்குப் பதிலாக, விடுப்பு எடுப்பதில்லை என்பதை நேராகச் சொல்லிவிடுவது மேல்.

பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்கு இயற்பியலில் இதே சிக்கல் வந்திருக்கும். மணிக்கு 40 கிலோமீட்டரில் வேகம் மாறாமல் வளைவில் திரும்பும் ரயிலின் ‘ஸ்பீடு’ யூனிஃபார்ம். திசை மாறிக்கொண்டே இருப்பதால் ‘வெலாசிட்டி’ கான்ஸ்டன்ட் அல்ல. பாடநூல் ‘சீரான வட்ட இயக்கம்’ என்று சொல்வது வேகத்தைப் பற்றி மட்டுமே.

அறிகுறி: சான்றிதழில் ‘கன்சிஸ்டென்ட் வித்’ என்று இருக்கிறது, வீட்டில் சண்டை

மேலே சொன்ன இரண்டாவது முகம் இது. ‘வித்’ சேர்ந்தவுடன் இந்தச் சொல் காலத்தை விட்டுவிடுகிறது. ‘முரண்படவில்லை’, ‘பொருந்தி வருகிறது’ என்று ஆகிவிடுகிறது. காயச் சான்றிதழில் ‘இஞ்சுரீஸ் கன்சிஸ்டென்ட் வித் எ ஃபால்’ என்று மருத்துவர் எழுதினால், காயம் தொடர்ந்து இருக்கிறது என்று பொருள் அல்ல. விழுந்ததால்தான் ஏற்பட்டது என்று உறுதி சொன்னதாகவும் கொள்ளக் கூடாது. விழுந்தால் இப்படிப்பட்ட காயம் ஏற்படக்கூடும், அவ்வளவே. காப்பீட்டுக்காரர் இந்த இடைவெளியை நன்றாக அறிவார். நாமும் அறிந்திருப்பது நல்லது. தமிழாக்கம் கேட்டால் நான் ‘விழுந்ததால் ஏற்படக்கூடிய காயங்களோடு ஒத்துப்போகின்றன’ என்று எழுதிக் கொடுப்பேன். நீளம்தான், குறைத்தால் பொருள் கெடுகிறது.

மருத்துவமனை வாசலில் காதில் விழும் இன்னொரு சொல் ‘ஸ்டேபிள்’. ஸ்டான்லி மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும் உறவினர்கள் அதைக் கேட்டதும் தேறிவிட்டார் என்று ஊருக்குப் போன் செய்துவிடுகிறார்கள். மருத்துவர் சொன்னது, நிலைமை இப்போதைக்கு மாறவில்லை என்பதை மட்டும். ‘கிரிட்டிகல் பட் ஸ்டேபிள்’ என்றும் சொல்வதுண்டு: கவலைக்கிடம், ஆனால் மேலும் மோசமாகவில்லை. கேட்க வேண்டிய அடுத்த கேள்வி ‘நேற்றைக்கு இன்று எப்படி இருக்கிறார், டாக்டர்?’

அறிகுறி: சமையல் குறிப்பில் ‘கன்சிஸ்டென்சி’

சுருக்கமாக: பதம். ‘போரிங் கன்சிஸ்டென்சி’ என்றால் ஊற்றும் பதம். நாள்தோறும் தவறாமல் செய்வது பற்றிய அறிவுரை அங்கே எதுவும் இல்லை.

அறிகுறி: பால் பாக்கெட்டைப் படித்தால் தலை சுற்றுகிறது

மாதவரம் பால் பண்ணைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக்கூட இது குழப்பம்தான். பாக்கெட்டில் இரண்டு சொற்கள், இரண்டும் ‘ஒரே மாதிரி ஆக்கியது’ போல ஒலிக்கின்றன. ‘ஸ்டாண்டர்டைஸ்டு’ என்பது பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு ஒற்றுமை: எந்த மாட்டுப் பாலாக இருந்தாலும் கொழுப்பை ஒரு குறித்த அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு விதிப்படி அந்த வகைப் பாலில் கொழுப்பு 4.5 சதவீதம், மற்ற திடப்பொருள் 8.5 சதவீதம் இருக்க வேண்டும். ‘ஹோமோஜினைஸ்டு’ என்பது பாக்கெட்டுக்கு உள்ளே ஒற்றுமை: கொழுப்புத் துளிகளைப் பொடிப்பொடியாக உடைத்து, மேலே மிதந்து திரளாதபடி பால் முழுவதும் பரவவிட்டிருக்கிறார்கள். ஏடு கட்டவில்லை, தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பதற்கு முன்னால் இந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வேதியியல் பாடநூல் ‘ஹோமோஜீனியஸ்’ என்பதை ‘ஒருபடித்தான’ என்கிறது. கலவையைப் பற்றி எழுதும்போது அதை மாற்றாமல் எடுத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: தமிழாக்கத்தில் எல்லா இடத்திலும் ‘சீரான’ போட்டீர்கள், எங்கோ உதைக்கிறது

உதைக்கத்தான் செய்யும். அரசமைப்புச் சட்டத்தின் 44ஆம் பிரிவில் வரும் ‘யூனிஃபார்ம் சிவில் கோட்’ தமிழ்ச் செய்தித்தாளில் ‘பொது சிவில் சட்டம்’ ஆகிறது. அங்கே அழுத்தம் ‘அனைவருக்கும் பொது’ என்பதில். தமிழ்நாட்டில் 2010இல் இயற்றிய பள்ளிக் கல்விச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் அதே ‘யூனிஃபார்ம்’ இருக்கிறது. ஆனால் தமிழில் ‘சமச்சீர்’. அழுத்தம் ஏற்றத்தாழ்வு நீங்குவதில். 2011 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னபோது ஊரெல்லாம் புழங்கிய சொல்லும் அதுவே. உடைக்கு ‘சீருடை’, இயக்கத்துக்கு ‘சீரான’, விலைக்கு ‘ஒரே’. ‘யூனிஃபார்ம் ரேட்’ என்பதை ‘சீரான விலை’ என்று எழுதினால் ஏறாமல் இறங்காமல் நிலையாக இருக்கும் விலை என்று படிப்பார்கள். சொல்ல வேண்டியது எல்லாக் கடையிலும் ‘ஒரே விலை’.

அறிகுறி: எந்தச் சொல்லைப் போட்டாலும் எதிர்த் தரப்பு தப்பித்துக்கொள்கிறது

‘யூனிஃபார்ம் குவாலிட்டி’, ‘கன்சிஸ்டென்ட் ஃபினிஷ்’ என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, பொருள் வந்த பிறகு சண்டை போடுகிறவர்கள் பலர். இங்கே பழுது சொல்லில் இல்லை. பெயரடையை நம்பி அளவை விட்டதில் இருக்கிறது. பள்ளிச் சட்டை தைக்கக் கொடுக்கும் கடிதம் என்றால், எல்லாச் சட்டையும் யூனிஃபார்மாக இருக்க வேண்டும் என்ற வரியை அடித்துவிடுங்கள். துணியின் மாதிரித் துண்டு ஒன்றைக் கடிதத்தோடு ஊசி குத்தி வையுங்கள். மார்பளவு, தோள், கை நீளம், காலர் அளவு, ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல், பொத்தான் எத்தனை என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதையும் அங்குலத்தில் சேருங்கள். முதலில் ஒரே ஒரு சட்டை தைத்துக் காட்டச் சொல்லி, அது சரியாக இருந்தால் காலரின் உள்பக்கத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, அந்தச் சட்டையைப் பள்ளி அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.